புயலனின் மேலங்கி நனையவில்லை

ஜனவரி 8, வியாழன்

காலைச் சர்க்கரை 162. தினமும் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னதால், நூல் மில்காரர் கொடுத்த இந்த டைரிக்கு ஒரு வேலை கிடைத்தது. எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தைப் பார்த்தால் கடைக்காரன் கை சும்மா இருக்காது. மிச்சத்தையும் நிரப்புகிறேன்.

பொங்கல் வாரம். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மூச்சு விட இடமில்லை. இந்த நேரம் பார்த்து என் மனைவி சாந்தாமணி, நாளை மதியம் சினிமாவுக்குப் போக வேண்டும் என்கிறாள். அதுவும் 'புயலன் 2'. ஒருத்தன் முதுகில் சிவப்பு மேலங்கி கட்டிக்கொண்டு, புயலைக் கையில் பிடித்து ஊரைக் காப்பாற்றுகிற படம். முதல் பாகத்தை டிவியில் போட்டபோது பாதியில் தூங்கிப்போனவள் இவள்.

"பொங்கல் யாவாரத்துல சினிமாவா? உனக்கென்ன திடீர்னு சூப்பர் ஹீரோ கேக்குது?"

"டிக்கெட்டு வந்துருச்சுங்க. கோகிலா போன்லயே போட்டுட்டா. நடு வரிசை."

கோகிலா எங்கள் ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்குப் பதின்மூன்றாம் தேதி வருகிறாள். அவள் வந்த பிறகு மூன்று பேருமாகப் போகலாமே என்றேன். "இல்லைங்க, மொத நாளே பாக்கோணுமாம்" என்றாள் சாந்தாமணி. முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. அந்த நடிகன் மேல் இவளுக்கு இந்த வயதில் பிரியம் வந்துவிட்டதோ என்றுகூட யோசித்தேன்.

எதிர்க்கடை நாச்சிமுத்துவை மூன்று மணி நேரம் என் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். லுங்கி வியாபாரி. கல்லாவைத் தொட மாட்டான். என் வாடிக்கைக்காரர்களைத் தொடுவான்.

ஜனவரி 9, வெள்ளி

படம் பார்த்தாயிற்று. எனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

கதை முடிந்து திரையில் பேர் ஓட ஆரம்பித்ததும் எழுந்தேன். சாந்தாமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. பேரெல்லாம் போட்டு முடியட்டும்."

"பேரைப் பாத்து மொய்யா எழுதப் போறே? பார்க்கிங்ல வண்டி சிக்கிக்கும், வா."

அவள் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் ஒரு பையன் மைக் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் மறித்துப் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். யூடியூப் சேனலாம். கல்லூரிப் பசங்கள் "வேற லெவல்" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஒரு தாய், "குழந்தைக்குப் பிடிச்சிருக்கு, எனக்குத் தலைவலி" என்றாள். ஒருத்தர், "மொதப் பாகம் மாதிரி வராதுங்க" என்று கல்யாண வீட்டில் பாயசத்தைச் சொல்வது போலச் சொன்னார். அடுத்து மைக் என் வாய்க்கு வந்தது.

ஒரு வரி கேட்டால் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிற ஆள் நான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

"பேரு அர்த்தநாரி, ஈரோட்டுல ஜவுளி யாவாரம். எனக்குச் சினிமா தெரியாதுங்க தம்பி, துணி தெரியும். பதினேழு வயசுல சைக்கிள்ல துண்டு வித்தவன். மொதப் பாகத்துல அவன் முதுகுல கட்டியிருந்தது நெசத் துணி. ட்ரில்லு, கெட்டி நெசவு. மழை பேஞ்சா நனைஞ்சுது, நனைஞ்சதும் கனத்துச்சு, அவன் தோளு எறங்குச்சு. பாக்கற நமக்கே தோளு வலிச்சுது. இந்தப் பாகத்துல இருக்கறது துணியே இல்லீங்க. அடைமழையில நிக்கறான், சட்டை நனையுது, தலை நனையுது, முதுகுத் துணி மட்டும் மொடமொடன்னு ஆடுது. வானத்துல இருந்து கீழ குதிக்கறான். துணி மேல போவோணுமா இல்லையா? இது பக்கவாட்டுல சுழட்டுது, எருமை வாலாட்டற மாதிரி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது கெட்ட சரக்கு. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிக் காட்டினேன். மேலிருந்து விட்டால் எப்படி விழும், ஈரமானால் எப்படி ஒட்டும் என்று தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தே விளக்கினேன். சாந்தாமணி என் முழங்கையைக் கிள்ளி, "போதும் வாங்க, போதும் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் முத்தாய்ப்பாக ஒன்று சொன்னேன்:

"இதைச் செஞ்சவங்க, வாழ்க்கையில ஒரே ஒரு வாட்டி துண்டை உதறிக் காயப் போட்டிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க."

கைதட்டல். எட்டு நிமிஷம் பேசியிருக்கிறேன் என்றான் பையன். வண்டியில் வரும்போது சாந்தாமணி ஒரு வார்த்தை பேசவில்லை. நடிகனைக் குறை சொன்னது பொறுக்கவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 10, சனி

சர்க்கரை 171. பாப்கார்ன்.

வீடியோவை ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் 'துணி அங்கிள்' என்று பேர். பவானியிலிருந்து வந்த ஒருத்தர் பத்து வேட்டி எடுத்துவிட்டு, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். முடிவெட்டுகிறவர் சண்டைக்காட்சி பிரமாதம் என்றார். பாலக்காட்டு வாடிக்கைக்காரர் பாட்டு தேவலை என்றார். ஆனால் எல்லாரும் கடைசியில், "அந்த முதுகுத் துணி நீங்க சொன்ன மாதிரிதான்" என்று வந்து நின்றார்கள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் வயிற்றெரிச்சல். "ரெண்டாவது பாதி பூரா இழுவை. அதைச் சொல்லாம முதுகுத் துணியைப் புடிச்சுத் தொங்கியிருக்கறே."

"நீ போய் லுங்கியைப் பத்திப் பேசு. யாரு வேண்டாங்கறா?"

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். 'அங்கிளைச் சென்சாரில் போடுங்கள்' என்று ஒன்று. 'இவர் பேச்சைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன், மேலங்கி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, பணம் போச்சு' என்று ஒன்று. 'எங்க அப்பாவும் இப்படித்தான், எதைக் காட்டினாலும் குறை சொல்வார்' என்று ஒரு பெண். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன், இதற்கும்.

சாந்தாமணி குழம்பில் உப்புப் போடவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோகிலா போன் செய்வாள். இன்று வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் கோகிலா அவள் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வரவில்லை.' அவ்வளவுதான்.

"பொங்கலுக்கு லீவு குடுக்காத கம்பெனி என்ன கம்பெனி? நம்பரைக் குடு, நான் பேசறேன்."

சாந்தாமணி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன கம்பெனின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் கம்பெனி."

"பேரு?"

எனக்குச் சரக்கு அனுப்புகிற நாற்பது மில்லின் பேரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"அங்க அவ என்ன வேலை பாக்கறான்னாவது தெரியுமா?"

"அதான் சொன்னேனே, கம்ப்யூட்டர்ல..."

"துணி பண்றாளுங்க. சினிமாவுல வர்ற துணி. கிராஃபிக்ஸு. அந்தப் புயலன் முதுகுல ஆடுச்சே, எருமை வாலு, அது உங்க மக பண்ணுனது. பதினாலு மாசம் உக்காந்து பண்ணுனது."

நான் நாற்காலியைத் தேடினேன். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏற்பாடு இப்படியாம். படம் முடிந்து பேர் ஓடும்போது சாந்தாமணி எனக்கு மகள் பேரைக் காட்ட வேண்டும். உடனே தியேட்டரில் இருந்தே அவளுக்குப் போன் போட வேண்டும். என் வாயிலிருந்து முதல் வார்த்தை என்ன வருகிறது என்று கேட்க அவள் ஆபீஸ் படிக்கட்டில் போனோடு உட்கார்ந்திருந்தாளாம். நானோ பார்க்கிங்குக்கு ஓடினேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க கையைக் கிள்ளிக் கிள்ளி என்ற நகம் தேஞ்சு போச்சு."

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வீடியோ ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

கோகிலாவுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மைக் பையனுக்குப் போன் செய்து வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். "சார், எங்க சேனல்லயே அதிகமா ஓடுறது நீங்கதான்" என்றான். அவன் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் திட்ட முடியவில்லை.

மதியம் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் இன்னொரு முறை பார்த்தேன். மற்றவர்கள் நாயகன் முகத்தைப் பார்க்க, நான் மூன்று மணி நேரம் அவன் முதுகைப் பார்த்தேன். எப்படியாவது எனக்கு அது பிடித்துவிட வேண்டும் என்று தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன். என் மகள் செய்தது என்று தெரிந்த பிறகும் அது நனையவில்லை.

இந்த முறை கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில் சின்னச் சின்ன எழுத்தாக நூற்றுக்கணக்கில் பேர் போகிறது. வேகமாகப் போகிறது. எங்கள் சந்தையில் பில்லைக்கூட இவ்வளவு வேகமாக யாரும் நீட்ட மாட்டார்கள். நான்காவது வரிசையில் என் பேர் வந்தது. அர்த்தநாரி. எனக்கு எதற்கு என்று நினைப்பதற்குள் அதற்கு முன்னால் இருந்ததையும் படித்துவிட்டேன். கோகிலவாணி அர்த்தநாரி. மேலே ஏறிப் போயே போய்விட்டது.

தியேட்டரைப் பெருக்க வந்த அம்மாள், "அண்ணா, எந்திரிச்சுக்குங்க, அடுத்த ஷோவுக்கு நேரமாச்சு" என்றாள். வெளியே வந்து வண்டியைத் தேடினேன். இருபது நிமிஷம் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

வாசலில் அதே பையன், அதே மைக். இதை இப்போதே சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. வியாபாரத்தில் ஒரு தவறு நடந்தால் அன்றைக்கே போய்ச் சரிசெய்கிறவன் நான். நானே போய் மைக்கைப் பிடித்து, "மறுபடியும் பாத்தேனுங்க. மேலங்கி அருமை. பிரமாதமான வேலைப்பாடு. மொத வாட்டி நான் கவனமாப் பாக்கலை" என்றேன்.

பையன் முகம் மலர்ந்ததை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

'பல்டி அடித்த துணி அங்கிள்! எவ்வளவு வாங்கினார்?'

என் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நடுவில் ஒரு சூட்கேஸ் வரைந்திருக்கிறார்கள். நேற்று வரை என்னைச் சென்சாரில் போடச் சொன்னவர்கள் இன்று ஜெயிலில் போடச் சொல்கிறார்கள். படத்தை வெறுத்தவர்கள் நான் விலைபோய்விட்டேன் என்கிறார்கள். படத்தை விரும்பியவர்கள், முதல் வீடியோவுக்குத்தான் எதிரிக் கம்பெனி பணம் கொடுத்தது என்கிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கிய ஒரே ஆள் நான்தான். கையில் ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து கடை வாசலில் நின்று உரக்க, "அங்க சொல்ற தரம் பொறவு மாறுமுங்க, எதுக்கும் எங்கிட்டயும் ஒரு வாட்டி பாத்துக்குங்க" என்று வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடுகிறான். அதையாவது சிரித்துக்கொள்ளலாம். பள்ளிபாளையத்துக்காரர் ஒருத்தர், இருபது வருஷமாக என் வார்த்தையின் பேரில் சரக்கெடுக்கிறவர், இன்று சட்டைத்துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "கண்ணு சரியாத் தெரியலீங்க, அதான்" என்றார்.

கோகிலா வர வேண்டிய தேதி இன்று. சாந்தாமணி அவள் அறையைப் பெருக்கி, கதவைச் சாத்தினாள்.

ஜனவரி 14, புதன்

போகி. வாசலில் பழைய பாய் எரிந்துகொண்டிருந்தபோது கோகிலாவே போன் செய்தாள். புகை இல்லாத பக்கம் போய் நின்று பேசினேன்.

"அப்பா, அந்த ரெண்டாவது வீடியோ எதுக்குக் குடுத்தீங்க?"

"உனக்காகத்தான் கண்ணு."

"எனக்காகவா? மொத வீடியோவை எங்க ஆபீஸ்ல பெரிய திரையில போட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எருமை வாலுன்னு என்ற டீமுக்குப் பேரே வெச்சுட்டாங்க. நானும் சேந்து சிரிச்சேன். அது யாருன்னு நான் சொல்லலை."

"தப்புத்தான் கண்ணு. அதான் அடுத்ததுல சரிபண்ணி..."

"அந்தத் துணி நனையலைன்னு எனக்குத் தெரியாதாப்பா? நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஒரு காட்சியைக்கூட நீங்க தப்பாச் சொல்லலை. மட்டத் துணியை நல்லதுன்னு சொல்லி நீங்க யாருக்கும் வித்ததில்லை. எனக்கு மட்டும் வித்திருக்கீங்க."

"பின்ன எதுக்குக் கண்ணு கோவம்?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நாலு வருசமா இந்த வேலையில இருக்கறேன். என்ன வேலைன்னு ஒரு வாட்டி கேட்டிருப்பீங்களா? சாப்பிட்டியா, சம்பளம் வந்துருச்சா, எப்ப வர்றே. மூணே கேள்வி. பொறவு, இந்தா அம்மாகிட்டப் பேசு. ரோட்டுல எவனோ ஒருத்தன் மைக்கை நீட்டுனா எட்டு நிமிசம் பேசறீங்க. என்ற வேலையைப் பத்தி எட்டு நிமிசம்ப்பா. அவங்கிட்ட."

வைத்துவிட்டாள்.

நான் அளந்து விற்கிறவன். போனில் பழைய அழைப்புகளை எடுத்து அளந்து பார்த்தேன். ஜனவரி மூன்றாம் தேதி சனி, நாற்பத்தொரு விநாடி. அதற்கு முந்தைய சனி முப்பத்தெட்டு. தீபாவளிக்கு முன்னால் ஒன்று, ஐம்பத்திரண்டு. அதில் பாதி, லைன் சரியில்லை என்று கத்தியது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சாந்தாமணி மூன்று இலை போட்டாள். பிறகு ஒன்றை எடுத்தாள். சர்க்கரை பார்க்கவில்லை.

ஜனவரி 17, சனி

ஒரு மில் ஏஜென்ட் வந்தால் நூல் நம்பர் என்ன, எங்கே சாயம் போட்டது, சுருங்குமா, ஓரம் எப்படி என்று நாற்பது கேள்வி கேட்பேன். மகளிடம் கேட்க இன்று காலையில் இருந்து கேள்வி யோசிக்கிறேன். 'வேலை எப்படிப் போகிறது' என்று ஒன்று எழுதி, அது வருமான வரிக்காரர் கேட்பது போல இருந்ததால் அடித்தேன். 'கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டரா' என்று அடுத்தது. அதையும் அடித்தேன்.

"போன்ல கேக்காதீங்க" என்றாள் சாந்தாமணி. "போன்ல நீங்க நாப்பது விநாடிக்கு மேல தாங்க மாட்டீங்க. நேர்ல போங்க."

"நீயும் வா."

"நான் வந்தா நீங்க, 'இந்தா அம்மாகிட்டப் பேசு'ன்னுருவீங்க."

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்புகிற நாளில், டிக்கெட் எடுக்காமல் வைத்திருந்து ரயில் ஏறிய கெட்டிக்காரன் நான். சேலம் வரை ஒரு காலில் நின்றேன். சேலத்தில் இரண்டாவது காலுக்கும் இடம் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு பசங்கள் புயலனைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தனுக்கு வில்லன் பிடிக்கவில்லை, மற்றவனுக்கு வில்லன் மட்டும்தான் பிடித்தது. நடுவில் ஒருத்தன் என்னை உற்றுப் பார்த்தான்.

"சார், நீங்க துணி அங்கிள்தானே? முதல் வீடியோ அங்கிளா, ரெண்டாவது வீடியோ அங்கிளா?"

"ரெண்டும் நான்தானுங்க தம்பி."

"எது நெசம்?"

"மொதலாவது" என்றேன். ஒரு வாரமாக இருந்த நெஞ்சுக் கனம் கொஞ்சம் இறங்கியது. முன்பின் தெரியாதவனிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

வளசரவாக்கத்தில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த கோகிலா என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வரலையாப்பா?"

"இல்லை. நான் மட்டுந்தான்." ரயிலில் மனப்பாடம் செய்த ஏழு கேள்வியும் படியேறும்போதே கொட்டிப்போயிருந்தது. உட்காராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "நீ என்ன வேலை பாக்கறே கண்ணு?"

அவள் உள்ளே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். லேப்டாப்போடு வந்தாள்.

கம்ப்யூட்டரில் துணி எப்படி நெய்கிறார்கள் என்று இன்று தெரிந்துகொண்டேன். நெய்வதில்லை. எடை எவ்வளவு, விறைப்பு எவ்வளவு, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு கொடுக்கும், காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் சில நாள் துணி ஆளை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்திருக்குமாம். எங்கள் சாயப்பட்டறையும் இப்படித்தான் என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் மேலே சொன்னாள்.

"அப்புறம் ஏன் கண்ணு அது நனையலை?"

"நனையக் கூடாதுன்னுட்டாங்கப்பா. நனைஞ்சு தொங்குனா ஹீரோ பாவமாத் தெரியறாராம். நெருப்பு மாதிரி எப்பவும் ஆடிட்டே இருக்கோணுமாம். நான் மொதல்ல பண்ணுனதை வேண்டாம்னு சொல்லி, பதினோரு வாட்டி மாத்துனாங்க. ஒவ்வொரு வாட்டியும் எடையைக் கொறைச்சாங்க."

"மொதல்ல பண்ணுனது இருக்குதா?"

யோசித்தாள். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா மைக்குல."

ஒன்பது விநாடி. ஆள் முகம்கூட இல்லை, சாம்பல் நிறப் பொம்மை. மழை விழுகிறது. மேலங்கியின் ஓரம் முதலில் கறுக்கிறது. ஈரம் மேலே ஏறுகிறது. துணி கனத்து, கெண்டைக்காலில் ஒட்டுகிறது. பொம்மை திரும்பும்போது துணி உடனே திரும்பவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, தண்ணீரை உதறிக்கொண்டு பின்னால் வருகிறது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. எத்தனை என்று எண்ணவில்லை.

"ட்ரில்லு" என்றேன். "ஓரம் ரெண்டு மடிப்பு மடிச்சுத் தெச்சிருக்கு. அதான் தண்ணி அங்க தங்குது."

"ஓரத்துக்கு மட்டும் தனியா எடை குடுத்தேன்ப்பா. எங்க டீம்லயே யாரும் அதைக் கண்டுபுடிக்கலை." குரல் மாறியிருந்தது. "நான் ஏழாவது படிக்கறப்ப குடோன்ல மழைத்தண்ணி பூந்து துணிப் பேலெல்லாம் நனைஞ்சுதில்ல? நீங்க மொட்டை மாடியில ஒவ்வொண்ணா உதறிக் காயப் போட்டீங்க. அதைப் பாத்ததுதான்."

அந்த மழையில் எத்தனை பேல் வீணானது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவள் மாடியில் நின்றது ஞாபகம் இல்லை.

"சொல்லுங்கப்பா. எப்படி இருக்கு?"

எட்டு நிமிஷம் பேசுகிற வாய். அருமை, பிரமாதம் இரண்டையும் போன திங்கட்கிழமையே பொய்யில் செலவழித்துவிட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டேன்:

"மீட்டர் என்ன வெலை?"

கோகிலா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. பிடிக்காத துணிக்கு நான் விலை கேட்க மாட்டேன் என்பது கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவளுக்குத் தெரியாதா.

ஜனவரி 19, திங்கள்

"ஆபீஸ் வரைக்கும் வாங்கப்பா. கீழ டீ குடிச்சுட்டு அப்படியே ஸ்டேஷன் போயிருங்க" என்றாள். ஆபீஸுக்குக் கீழே டீக்கடை. அங்கே அவளோடு வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தூரத்திலேயே ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான்.

"டேய், துணி அங்கிள்டா! எருமை வால் அங்கிள்!"

போன்கள் எழுந்தன. நான் கோகிலாவை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். யாரோ போல. அவளுக்கு அதுதான் வசதி என்று நினைத்தேன். அவள் அந்த இரண்டடியையும் நடந்து வந்தாள்.

"எங்கப்பா" என்றாள்.

போன்கள் இறங்கின. தாடி வைத்த ஒருத்தர், ஜெரால்டு என்று பேர், அவள் டீமுக்குத் தலைவராம், வீடியோவைப் பெரிய திரையில் போட்டவர் அவர்தான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "கோகி, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்குச் சொல்லத் தோணலை சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். பேச்சை மாற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "ரெண்டு வீடியோ பாத்தோம் அங்கிள். ஃபைனலா என்ன சொல்றீங்க, எங்க மேலங்கி எப்படி?"

எல்லாரும் பார்த்தார்கள். கோகிலா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு ஜாடை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"மொத வீடியோவுல சொன்னதுதானுங்க. அது நனையலை" என்றேன். "கடேசியில ஒண்ணு சொன்னேன், செஞ்சவங்களுக்குத் துணி தெரியாதுங்கற மாதிரி. அது மட்டும் தப்பு. செஞ்சவளுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

யாரும் கைதட்டவில்லை. ஜெரால்டு தாடியைச் சொறிந்துகொண்டு, "அந்த முதல் வெர்ஷன் எனக்கும் பிடிச்சுது அங்கிள். நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்" என்றார். கோகிலா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. என்னைப் போல ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

"டீ எப்படி இருக்கு அங்கிள்? எங்க ஏரியா ஸ்பெஷல்."

"நல்லா இருக்குதுங்க" என்றேன், இரண்டாவது வாய் குடிக்காமலே.

கோகிலா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"வாங்கப்பா" என்றாள். "முக்குல வேற கடை இருக்குது."